பச்சைப் பொடியும் துருவும்: பாலிஅனிலின் பிரைமர் செய்து பார்ப்பவர்களுக்கு

பாலிஅனிலின் என்பது மின்சாரம் கடத்தும் ஒரு பாலிமர், பச்சைப் பொடியாக இருக்கும். முதன்முதலில் நான் கலந்த பாலிஅனிலின் பெயிண்டில் நூற்றுக்கு இருபது பங்கு பொடியைக் கொட்டினேன். துருவைத் தடுக்கிற பொருள்தானே, கூடப் போட்டால் கூடத் தடுக்கும் என்று நினைப்பு. பூசிய தகடு கரும்பச்சையாக, பார்க்க நன்றாகவே இருந்தது. பிளேடால் ஒரு கீறல் போட்டு உப்புத் தண்ணீரில் நிறுத்தினேன். ஒரு வாரம் கழித்து எடுத்து நகத்தால் நெம்பியதும், பழகிய கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல் மொத்தப் பூச்சும் எழும்பி வந்தது. பக்கத்தில், பொடியே சேர்க்காமல் வெறும் எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின் பெயிண்ட்) பூசிய தகடு கீறலை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மற்றபடி நின்றிருந்தது.

மின்சாரம் கடத்தும் பாலிமர்களை இரும்பின் மேல் பூசிப் பார்க்கும் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். ‘துருவை ஒழிக்கும் அதிசயப் பொருள்’ என்று படித்துவிட்டு வருகிறோம். செய்து பார்த்தால் நேர் எதிராக நடக்கிறது. பொருள் பொய்யில்லை. எவ்வளவு, எங்கே, எதனோடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்யப் போகிறவர்களையும், பெயிண்ட் தொழிலில் இருந்துகொண்டு இதை ஒரு கை பார்க்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டு வாசல் கிரில்லுக்குப் பூச வழி தேடுபவர் என்றால் இது உங்களுக்கானதல்ல. கடையில் கிடைக்கும் ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமரை நன்றாகச் சுரண்டிய இரும்பின் மேல் பூசுங்கள், போதும்.

துரு எப்படிப் பரவுகிறது

இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. இன்னோரிடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தண்ணீரும் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே தகட்டில், சில சமயம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நடப்பவை. எலெக்ட்ரான் உலோகத்தின் வழியே போகிறது, அயனிகள் ஈரத்தின் வழியே போகின்றன. உப்பு இருந்தால் அந்த ஈரப்பாதை அகலமாகிவிடும். கடலோரத்தில் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான்.

பெயிண்டைப் பொறுத்தவரை முக்கியமானது இரண்டாவது இடம். ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கும் இடத்தில் காரம் உண்டாகிறது. பெயிண்டுக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தக் காரம் சேர்ந்தால் ஒட்டு விட்டுப்போகும். கேட்டில் துரு தெரிவதற்கு முன்பே பெயிண்ட் கொப்பளித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் இன்னொன்று: தண்ணீரையும் ஆக்சிஜனையும் முழுக்கத் தடுக்கும் பெயிண்ட் கிடையாது. எல்லாப் படலத்திலும் மெதுவாக ஊறி உள்ளே போகும்.

அதனால்தான் பிரைமரில் வெறும் தடுப்பு மட்டும் போதாமல், உள்ளே வந்த ஈரத்தோடு வேலை செய்ய ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். பழைய காலத்தில் ஈயச் செந்தூரம், பிறகு ஜிங்க் குரோமேட். (கடையில் வாங்கும் ரெட் ஆக்சைடின் சிவப்பு இரும்பு ஆக்சைடினுடையது, அதையும் ஈயச் செந்தூரத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.) குரோமேட் அருமையாக வேலை செய்யும். ஆனால் அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் வருவிக்கும் பொருள். ராணிப்பேட்டையில், மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்துகிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குரோமேட்டுக்கு மாற்று தேடியதில்தான் கடத்தும் பாலிமர்கள் பக்கம் பார்வை திரும்பியது.

பொடி செய்யும் வேலை

பாலிஅனிலின் புதிய பொருளே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயமாக இதைத்தான் ஏற்றினார்கள். மின்சாரம் கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1985இல் டெபெரி என்ற ஆய்வாளர், கந்தக அமிலத்தில் நிற்கும் துருப்பிடிக்காத எஃகின் மேல் பாலிஅனிலின் படலம் ஏற்றினால் அந்த எஃகு கரையாமல் காக்கப்படுகிறது என்று காட்டிவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில், விண்கல ராக்கெட்டுகள் கக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் கடற்காற்றாலும் அரிபடும் கென்னடி ஏவுதளத்துக்காக நாசாவும் இதைத் தொட்டுப்பார்த்தது. 1990களில் ஜெர்மனியில் வெஸ்லிங் என்ற வேதியியலாளர் இதைப் பெயிண்டாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பாலிஅனிலின் கலந்த பூச்சுகளைப் பற்றிப் பல ஆண்டுகள் வேலை நடந்து கட்டுரைகளும் வந்திருக்கின்றன.

இந்தப் பொடிக்கு மூன்று நிலை உண்டு. எலெக்ட்ரான் நிறைய வாங்கிய நிலையில் வெளிர் மஞ்சள். நிறைய இழந்த நிலையில் ஊதா. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எமரால்டின். மரகதத்தை வைத்து வந்த பெயர். அமிலம் ஏறியிருக்கும்போது அப்படியே மரகதப் பச்சை, மின்சாரமும் கடத்தும். அமிலத்தைக் கழுவி எடுத்தால் நீலமாகி, கடத்துவதையும் நிறுத்திவிடும். இந்தப் பச்சை, நீல மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயிண்ட் கலக்கும்போது அது நம் முகத்தில் வந்து மோதும்.

பச்சை நிலையில் இருக்கும் பாலிஅனிலின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், இரும்பு விடும் எலெக்ட்ரானைத் தான் வாங்கிக்கொள்கிறது. இரும்பின் மேல் மெல்லிய, அடர்த்தியான ஆக்சைடு படலம் உண்டாகிறது. செதில் செதிலாக உதிரும் பழுப்புத் துரு வேறு. இது கெட்டியாக ஒட்டிநின்று அடியிலுள்ள இரும்பை மூடிவிடும். எலெக்ட்ரான் வாங்கிய பாலிமரை, பூச்சுக்குள் ஊறிவரும் ஆக்சிஜன் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆக, ஆக்சிஜன் எலெக்ட்ரான் வாங்கும் வேலை இரும்பின் மேல் நடக்காமல் பாலிமரின் மேல் நடக்கிறது. காரமும் ஒட்டைக் கெடுக்கும் இடத்திலிருந்து தள்ளி உண்டாகிறது. இது ஒரு வேலை.

இரண்டாவது வேலையைச் செய்வது பாலிமரில் ஏறியிருக்கும் அமிலத்தின் எதிர் அயனி. எலெக்ட்ரான் வாங்கும்போது பாலிமர் அந்த அயனியை விட்டுவிடும். அது பாஸ்பேட்டாக இருந்தால் இரும்போடு சேர்ந்து கரையாத உப்பாகக் கீறலில் படியும். குளோரைடாக இருந்தாலோ, எதிரிக்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. என் அனுபவத்தில், நன்றாக வந்த தகடுகளுக்கும் சொதப்பியவற்றுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இந்த அயனிதான்.

சரி, இருபது சதவீதத்தில் என்ன தவறு? துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் கூடிவிட்டால் பூச்சு முழுவதும் கடத்தும் வலையாகிவிடுகிறது. கீறல் விழுந்த இடத்தில் இரும்பு கரையும். அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள முழுத் தகட்டளவுக்குப் பாலிமர் காத்திருக்கும். சின்ன ஊசித்துளை என்றால் அதைப் படலம் மூடிவிடும். பெரிய கீறலை மூட முடியாது. பாலிமர் தன் கையிருப்பை எல்லாம் செலவழிக்கும், ஈடுகட்ட உப்பு நீரிலிருந்து சோடியம் போன்ற அயனிகள் பூச்சின் ஓரத்தின் வழியே உள்ளே ஓடும், ஒட்டு கிழியும். அதனால் துகள்கள் தனித்தனித் தீவுகளாக நிற்க வேண்டும். ஒரு தீவு கெட்டால் பக்கத்துத் தீவு கெடக்கூடாது.

பொடி தயாரித்தல்

பொடியை விலைக்கும் வாங்கலாம். ஆனால் எந்த அமிலம் ஏறியது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதியிராவிட்டால் வாங்காதீர்கள். ஆய்வகம் இருந்தால் செய்வது கடினமல்ல. 2002இல் ஐயூபேக் என்ற சர்வதேச வேதியியல் அமைப்புக்காக ஸ்டெஸ்கலும் கில்பர்ட்டும் பல ஆய்வகங்களில் ஒரே முறையைச் செய்யவைத்து ஒப்பிட்டு ஓர் அளவைத் தந்தார்கள். புதியவர்கள் அதை விட்டு விலக வேண்டாம்.

அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 50 மில்லி ஆக்குங்கள். அம்மோனியம் பெர்சல்பேட் 5.71 கிராமை இன்னொரு பீக்கரில் அதேபோல் 50 மில்லி ஆக்குங்கள். இரண்டும் அறை வெப்பத்துக்கு வரட்டும். ஒன்றில் ஒன்றை ஊற்றி, லேசாகக் கலக்கி, விட்டுவிடுங்கள். சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. ஏமாந்துபோய் இன்னும் கொஞ்சம் பெர்சல்பேட் போடத் தோன்றும், போடாதீர்கள். திடீரென்று நீலம் ஓடும், தெர்மாமீட்டரில் சூடு ஏறும், பிறகு கரும்பச்சை வண்டலாகக் கெட்டிப்படும். மறுநாள் வரை அப்படியே இருக்கட்டும்.

பிறகு வடிதாளில் வடித்து, 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 100 மில்லி வீதம் மூன்று முறை கழுவுங்கள். (அடர் அமிலம் 17 மில்லியை ஒரு லிட்டராக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தலைகீழாக அல்ல.) அதன்பின் அசிட்டோன் ஊற்றி, வடியும் நீர் நிறமிழக்கும் வரை கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். கையில் கிடைப்பது சுமார் 2 கிராம். இவ்வளவுதானா என்று இருக்கும். பின்னால் கணக்குப் போடும்போது இதுவே தாராளம் என்று தெரியும்.

அளவைப் பெருக்க நினைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்த வினை சூட்டைக் கக்கும். கரைசலைக் கெட்டியாக்கினாலோ பெரிய வாளியில் ஒரேயடியாகச் செய்தாலோ கொதித்துச் சிதறும். அதிகம் வேண்டுமானால் இதே அளவைப் பலமுறை செய்யுங்கள். அனிலின் தோல் வழியாகவே உடம்பில் ஏறி, ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். உதடு நீலம் பாரிப்பது அதன் அடையாளம். திரவ அனிலினைவிட அதன் உப்பைக் கையாள்வது எளிது என்பதால்தான் மேலே உப்பைச் சொன்னேன். அதுவும் நஞ்சுதான். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, புகைபோக்கி அலமாரி மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள். பெர்சல்பேட் தூளை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா கிளம்பும். அசிட்டோன் போன்றவற்றின் பக்கத்திலும் அதை வைக்கக்கூடாது. வடித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் கழிவுக் கேனில் சேருங்கள்.

குளோரைடை விரட்டுதல்

பலரும் தாண்டிப்போகும் படி இது. இப்போது உங்களிடம் இருப்பது முக்கியமாகக் குளோரைடு ஏறிய பொடி. இதை அப்படியே இரும்பின் மேல் வைப்பது உப்பைத் தடவிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதற்குச் சமம்.

25 சதவீத அம்மோனியாக் கரைசல் 7.5 மில்லியை 100 மில்லியாக்கினால் ஒரு மோலார் அம்மோனியா. பொடியை அதில் போட்டு இரவு முழுவதும் கலக்குங்கள். பச்சை நீலமாகிவிடும். வடித்து, நீர் நடுநிலைக்கு வரும் வரை வாலைநீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டால் பால்போல் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது.

அடுத்து, 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 6.8 மில்லியை 100 மில்லியாக்கி அதில் பொடியைச் சில மணி நேரம் கலக்குங்கள். திரும்பப் பச்சை வரும். வடித்து, கொஞ்சமாகக் கழுவி, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். பொடியில் ஈரம் நின்றால் பூச்சில் குமிழாக வந்து நிற்கும்.

நாகத் (ஜிங்க்) தகடு, அலுமினியம் பக்கம் போகிறவர்கள் நீலநிலையிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அமிலம் ஏறிய பொடி நாகத்தை அரிக்கும். நீலப் பொடி கடத்தாவிட்டாலும் பாதுகாப்புத் தருகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடத்தும் திறன்தான் காப்பாற்றுகிறது என்ற எளிய விளக்கத்தை இது கொஞ்சம் ஆட்டிப்பார்க்கிறது.

பெயிண்ட் கலத்தல்

கணக்கை முதலில் போடுவோம். 10க்கு 15 சென்டிமீட்டர் தகட்டின் ஒரு முகம் 150 சதுர சென்டிமீட்டர். காய்ந்தபின் தடிமன் தாராளமாக 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) 0.75 மில்லி கெட்டிப் பொருள். பெயிண்டில் பாதி தின்னர் என்றால் தகட்டுக்கு 1.5 மில்லி ஈரப் பெயிண்ட். வீணாவதைச் சேர்த்தாலும் பத்துத் தகட்டுக்கு 30, 40 மில்லி போதும். காய்ந்த பூச்சின் எடையில் ஒரு சதவீதம் பொடி என்றால், 100 கிராம் ரெசினும் (எபாக்சிப் பிசின்) ஹார்டனரும் (அதை இறுகவைக்கும் பாகம்) சேர்ந்ததற்கு ஒரு கிராம் பொடி. நம்முடைய இரண்டு கிராம் எங்கேயோ போகும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை 0, 0.5, 1, 2, 5 சதவீதம். பூஜ்யம் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் எபாக்சியே நல்ல பூச்சு. அதைவிட உங்கள் பொடி கூடுதலாக என்ன செய்தது என்று தெரியாமல் எழுதப்படும் புராஜெக்ட் அறிக்கைகள் ஏராளம். ஐந்து சதவீதத் தகட்டை, எல்லை எங்கே என்று பார்க்க மட்டும் வையுங்கள்.

கலப்பதில் உழைப்பு அரைப்பதில்தான் இருக்கிறது. பொடி எபாக்சியில் கரையாது, துகளாகத்தான் நிற்கும். கல்வத்தில் தனியாக நன்றாக அரைத்து, சைலீன் கொஞ்சம், ரெசின் கொஞ்சம் விட்டு, தைலம் அரைப்பதுபோல் வழவழவென்று வரும் வரை அரையுங்கள். சிர்கோனியா மணிகளைப் போட்டு ஒரு புட்டியில் இரவு முழுவதும் உருளவிட்டால் இன்னும் நல்லது. ஹெக்மன் கேஜ் (பெயிண்டில் துகள் எவ்வளவு பெரிது என்று காட்டும் கருவி) இருந்தால் 25 மைக்ரானுக்குக் கீழே வரும் வரை விடாதீர்கள். அந்தக் கருவி இல்லையென்றால் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். 50 மைக்ரான் பூச்சில் 60 மைக்ரான் கட்டி ஒன்று நின்றால் அதுதான் தண்ணீர் இறங்கும் படிக்கட்டு.

இப்போது அந்தப் பச்சை, நீல விவகாரம். எபாக்சியின் ஹார்டனர் பெரும்பாலும் அமீன். அமீன் ஒரு காரம். அரைத்த பச்சைக் கலவையில் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினால், அம்மோனியாவில் நடந்ததே இங்கேயும் நடக்கும்: பச்சை மங்கி நீலச்சாயல் வரும். அமிலம் பாலிமரை விட்டு வந்து ஹார்டனரோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெயிண்ட் கெட்டுவிட்டதாகப் பயந்து ஒரு முழு டப்பாவைக் கழிவில் கொட்டியவனைத் தெரியும், நான்தான் அது. அந்தப் பெயிண்டும் வேலை செய்யும், ஆனால் நீலநிலைப் பொடியாக வேலை செய்யும். பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால் ஹார்டனர் தேவைப்படாத பிணைப்பானை எடுங்கள். பாலிவினைல் பியூட்டிராலை எத்தனாலில் கரைத்தால் ஆய்வக வேலைக்குச் சிரமமில்லாத ஊடகம் கிடைக்கும். ஆல்கிட், அக்ரிலிக் கூடச் சரிதான். எதில் செய்தீர்கள், பூச்சு காய்ந்தபின் என்ன நிறம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

தகட்டைத் தயார் செய்தல்

பொடி செய்ய மூன்று நாள் செலவழித்தவர்கள் தகட்டைத் துடைக்க மூன்று நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. பூச்சின் ஆயுளில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது என்பதை எந்தப் பழைய பெயிண்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) தகட்டை வெட்டி, பூசுவதற்கு முன்பே பின்பக்கம் இரும்பு எண் அச்சால் (பஞ்ச்) எண் குத்திவிடுங்கள். மார்க்கரில் எழுதியது உப்பு நீரில் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெயை எடுங்கள். பிறகு உப்புத்தாள்: 120, 220, 400 என்று வரிசையாக, ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றித் தேயுங்கள். மணல் வீசும் வசதி இருந்தால் எஸ்.ஏ. 2½ தரத்துக்கு (ஏறக்குறைய வெள்ளை உலோகம் தெரியும் அளவுக்கு) சுத்தம் செய்வது சிறந்தது. கடைசியாக அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள்; துணி அழுக்காவது நிற்கும் வரை.

சுத்தம்தானா என்று சோதிக்க வாலைநீரை ஊற்றுங்கள். படலமாக ஒரே சீராகப் பரவினால் சரி. தாமரை இலையில் உருள்வதுபோல் முத்து முத்தாக ஒதுங்கினால் எண்ணெய் இருக்கிறது, திரும்ப முதலிலிருந்து. சோதித்ததும் உடனே அசிட்டோன் விட்டு உலர்த்துங்கள். சற்று அசந்தாலும் மஞ்சள் துரு பூத்துவிடும். இதற்குமேல் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வியர்வையில் இருப்பதும் உப்புதான். சில வாரம் கழித்து உங்கள் ரேகையே துருவாக எழுந்து வருவதைப் பார்க்கலாம்.

பூசுவதைச் சுத்தம் செய்த அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே செய்யுங்கள். பனிபடியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலின் விதி. மார்கழி விடியலில் பூசுவது வேண்டாம்.

பூசுதல்

முதல் கோட் பாலிஅனிலின் பிரைமர், காய்ந்தபின் 30 மைக்ரான் அளவு. அது காய்ந்ததும் மேலே பொடி சேர்க்காத எபாக்சி 40, 50 மைக்ரான். பொடி இரும்பின் பக்கத்தில் இருக்க வேண்டும், வெளியே தடுப்பாக நல்ல மேல்பூச்சு இருக்க வேண்டும். பாலிஅனிலினை மட்டுமே தனிப் படலமாகப் பூசி விட்டுவிடுவது வெயில், மழைக்கு ஆகாது. பூஜ்யத் தகட்டுக்கும் அதே மொத்தத் தடிமனில் இரண்டு கோட் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. பார் கோட்டர் (பெயிண்டை ஒரே தடிமனில் இழுக்கும் கம்பி) இருந்தால் நல்லது. பிரஷ் என்றால் ஒரே கை பூசட்டும். விளிம்புகளையும் பின்பக்கத்தையும் மெழுகாலோ கூடுதல் எபாக்சியாலோ மூடுங்கள். எபாக்சியை ஏழு நாள் ஆறவிடுங்கள். மறுநாளே தண்ணீரில் போட்டுவிட்டுப் ‘பாலிமர் சரியில்லை’ என்று சொல்லக்கூடாது.

சோதித்தல்

முதலில் தடிமன் மானியால் ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடத்தில் அளந்து எழுதுங்கள். அப்புறம் ஒரு உதிரித் தகட்டில் ஒட்டுச் சோதனை: பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுங்கள். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் மற்ற சோதனைகளுக்குப் போகவே வேண்டாம். தகடு சுத்தம் போதவில்லை.

அடுத்தது கீறல். பெருக்கல் குறிபோல இரண்டு கோடு, இரும்பு பளிச்சென்று தெரியும் ஆழத்துக்கு. கீறாத தகட்டை மட்டும் சோதித்துவிட்டு ‘பிரமாதம்’ என்று முடிவெடுப்பது இந்தத் துறையில் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று. கீறாத வரைக்கும் எல்லா எபாக்சியும் பிரமாதம்தான். என் இருபது சதவீதத் தகட்டைக் கீறாமல் விட்டிருந்தால் அதையும் வெற்றி என்றே எழுதியிருப்பேன்.

உப்பு மூடுபனிப் பெட்டி (உப்பு நீரைப் புகையாகத் தெளிக்கும் சோதனைப் பெட்டி) இருந்தால் ஏ.எஸ்.டி.எம். பி117 என்ற தரச் சோதனை முறை: 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி. இல்லையென்றால் ஊறுகாய் ஜாடி போதும். ஒரு லிட்டர் கரைசலில் 35 கிராம் உப்பு இருக்கும்படி கரைத்து, தகட்டைப் பாதி மூழ்கும்படி சாய்த்து வையுங்கள். நீர்மட்டக் கோட்டில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் அங்கே என்ன நடக்கிறது என்று தனியாகக் கவனியுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி ஜாடி. தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம்.

பத்து, பதினைந்து நாள் கழித்து எடுத்து, குழாய் நீரில் கழுவி, கீறலின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் நெம்புங்கள். பூச்சு எவ்வளவு தூரம் எழும்புகிறது என்று கீறலிலிருந்து மில்லிமீட்டரில் பத்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். கீறலுக்குள்ளே எவ்வளவு துரு என்பதைவிட இந்த எண்தான் முக்கியம். நல்ல தகட்டில் கீறலுக்குள் பழுப்பு இருந்தாலும் பக்கத்தில் பூச்சு விடாமல் பிடித்திருக்கும். வலிந்து பிய்த்தால் அடியில் இரும்பு மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். பூச்சு கையோடு வந்து, அடியில் இரும்பு பளபளவென்று ஈரமாக இருந்தால் ஒட்டைக் காரம் தின்றுவிட்டது. இந்தப் பளபளப்பைப் பார்த்து ‘துருவே இல்லை’ என்று மகிழ்பவர்களும் உண்டு.

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்வேதியியல் அளவீட்டுக் கருவி) இருந்தால் 3.5 சதவீத உப்பு நீரில் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து பாருங்கள். வெறும் எம்.எஸ். தகடு கேலமல் மின்முனைக்கு (ஒப்பிட்டு அளக்க வைக்கும் மின்முனை) எதிரே மைனஸ் 0.65 முதல் 0.7 வோல்ட் பக்கம் போய் நிற்கும். பாலிமர் வேலை செய்தால் அதைவிட நேர் பக்கமாக, மேலே நிற்கும். நாள் போகப் போக வெறும் தகட்டின் அளவுக்குச் சரிந்தால் கையிருப்பு தீர்ந்தது. சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்காதீர்கள். நல்ல பூச்சின் மின்தடை மீட்டரின் மின்தடையைவிடப் பெரிதாக இருந்தால் காட்டும் எண் பொய். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குப் பூச்சு காட்டும் எதிர்ப்பு) அளக்க முடிந்தால் 0.01 ஹெர்ட்ஸில் வரும் மதிப்பைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு பத்துக் கோடி ஓமுக்கு மேல் என்றால் தடுப்பு நன்றாக இருக்கிறது. பத்து லட்சத்துக்குக் கீழே வந்தால் தண்ணீர் வழி கண்டுவிட்டது. கடத்தும் பொடி சேர்த்த பூச்சில் இந்த எண் மட்டும் குறைந்து, கீறல் சோதனை நன்றாக வரலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

வெளியில் வைத்துப் பார்த்தல்

ஜாடியில் தேறிய இரண்டு மூன்று கலவையை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். பெட்டியில் முதலாவதாக வந்த பூச்சு வெளியில் கடைசியாக வருவது அபூர்வமல்ல: அங்கே வெயில் உண்டு, இரவில் நனைந்து பகலில் காய்வது உண்டு. காரைக்குடி நிலையம் மண்டபத்தில் கடலோரச் சோதனைத் தளம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். பாம்பன் பகுதிக் காற்று இரும்பை விட்டுவைக்காது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பூசிப் பூசித்தான் காத்தார்கள். 2025இல் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத கம்பிகளும் போட்டிருக்கிறார்கள், பாலிஅனிலின் அல்ல. பாலம் கட்டுபவர்கள் பல ஆண்டு வெளியில் நின்று தேறியதைத்தான் எடுப்பார்கள்.

கடலோர மொட்டைமாடி கிடைத்தால் போதும். மரச்சட்டத்தில் தகடுகளை 45 டிகிரி சாய்வில், கடலைப் பார்த்து, இரும்பு இரும்பைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பொருத்துங்கள். பூஜ்யத் தகடு ஒன்றையும், கடையில் வாங்கிய ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் பூசிய தகடு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். உங்கள் பொடிக்கு உண்மையான போட்டி அதுதான். மாதம் ஒருமுறை படம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தகட்டை இறக்கிக் கீறலோரத்தை நெம்பி அளப்பது. எனவே ஒவ்வொரு கலவையிலும் மூன்று நான்கு தகடாவது தொடக்கத்திலேயே பூசியிருக்க வேண்டும். ஒரே தகட்டை வைத்துக்கொண்டு நெம்பிவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு அளக்க ஒன்றும் இருக்காது.